செலவைக் குறைக்கணும், வாசிப்பைக் கூட்டணும்: மலையில இருந்துக்கிட்டு எப்படி?

[1] சாரல்காலம் (குன்னூர்)
நவம்பர் 9, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எட்டிப் பார்த்துட்டு மட்டும் போற ஆள், முதல் தடவையா ஒரு இழை தொடங்குறேன்.

பத்து வருஷம் கோயமுத்தூர்ல வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு, ஆறு மாசம் முன்னாடி ஊரோடயே வந்துட்டேன். இப்ப ஒரு தேயிலை ஃபேக்டரியில கணக்கு எழுதுறேன். கைக்கு வர்றது 22,000. வாடகை 6,500. அப்பாவோட மருந்து போக மிச்சம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல. மாசம் 3,000 ஒதுக்கணும். மாசம் ரெண்டு புத்தகமாவது முடிக்கணும். இந்த ரெண்டும்தான் ஆசை.

போன ஞாயித்துக்கிழமை அலமாரியை எண்ணிப் பார்த்தேன். மூணு வருஷமா கொடிசியா புத்தகத் திருவிழாவுல வாங்கினது 41. படிச்சு முடிச்சது 6. ஒண்ணு ரெண்டுல இன்னும் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கல.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். வெளிய மழை, மிஸ்ட்டு. வரும்போதே பேக்கரியில சூடா பப்ஸோ வர்க்கியோ வாங்கிடுவேன். ஹீட்டரைப் போட்டுட்டு அது முன்னாடி உட்கார்ந்தா கை போனுக்குப் போயிடுது. நிமிர்ந்தா பத்து மணி. புத்தகத்தை எடுத்தா விரல் விரைச்சுப் போகுது, பக்கம் திருப்பவே பிடிக்கல. போன கரண்ட் பில் 470 யூனிட். நாங்க இருக்கறது ரெண்டே பேர்.

இங்க குளிர்ல வாசிக்கிறவங்க என்னதான் பண்றீங்க?


[2] மேட்டுப்பாளையத்தான்
நவம்பர் 9, இரவு 9:30

கீழ இறங்கி வந்துடுங்க. இங்க ஹீட்டர் வேணாம். ஃபேன் வேணும், அவ்வளவுதான்.


[3] யூனிட் தாத்தா (ஊட்டி)
நவம்பர் 9, இரவு 10:05

தம்பி, மின்வாரியத்துல 31 வருஷம் மீட்டர் பார்த்தவன் நான். எனக்குத் தெரிஞ்சது கணக்குதான், அதையே சொல்றேன்.

உங்க ஹீட்டர் ரெண்டு ராடு இருக்கிறதா இருந்தா 2000 வாட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். தினமும் மூணு மணி நேரம் ஓடுச்சுன்னா 6 யூனிட். பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, ஆக 360 யூனிட். அரசாங்கம் நமக்கு இலவசமா தர்றதே ரெண்டு மாசத்துக்கு 100. உங்க 470ல முக்கால்வாசி அந்த ரெண்டு சிவப்புக் கம்பி தின்னது. பனி மாசத்துல இன்னும் கூட ஓட்டுவீங்க. 500ஐத் தாண்டிட்டா நடுவுல இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

இப்ப வாசிக்கிற செலவைப் பாருங்க. 9 வாட்ஸ் எல்இடி பல்பு, மூணு மணி நேரம், 60 நாள். ரெண்டு யூனிட் கூட வராது.

ஹீட்டர் ரூமைச் சூடாக்குது. நம்ம ரூம் எப்படி? மேல தகரம், அடியில சிமெண்ட், கதவுக்கு அடியில ஒரு விரல் சந்து. சூடு எல்லாம் கூரைக்குப் போயி அப்படியே வெளிய போயிடும். ஆளைச் சூடாக்குங்க, ரூமை விட்டுடுங்க. ஒண்ணரை லிட்டர் வெந்நீர் வச்சு ரப்பர் பையில ஊத்தி கம்பளிக்குள்ள கால் மாட்டுல வச்சா ரெண்டு மணி நேரம் கதகதப்பு நிக்கும். கெட்டில்ல அந்தத் தண்ணி காய 0.15 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 9 யூனிட். 360 எங்க, 9 எங்க.

கைக்கு விரல் நுனி வெட்டின உல்லன் கையுறை போடுங்க. திபெத் மார்க்கெட்ல கிடைக்கும். பழைய கையுறை இருந்தா கத்திரிக்கோல் போதும். நான் பேப்பர் படிக்கிறதே அதைப் போட்டுக்கிட்டுத்தான்.


[4] ஓய்வுபெற்ற நூலகர் (நீலகிரி)
நவம்பர் 10, காலை 7:20

அன்புள்ள சாரல்காலம்,

ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கிக் கிளை நூலகத்தில் ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் என்னை உறுத்தியது அந்த 41-6 கணக்கு. படிக்காத 35 புத்தகங்களை வைத்துக்கொண்டு நிறைய வாசிக்க வழி கேட்கிறீர்கள். மாதம் இரண்டு என்று வைத்தால்கூட ஒன்றரை ஆண்டுக்கு நீங்கள் ஒரு புத்தகமும் வாங்கத் தேவையில்லை. முதல் சிக்கனம் அங்கேயே இருக்கிறது.

என் அனுபவத்தில் ஒன்று பார்த்தேன். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மக்கள் படித்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதை, "எங்கே போகப்போகிறது" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காரணம் சின்னது. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் நாங்கள் தேதி முத்திரை குத்துவோம். இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும், தவறினால் அபராதம். அபராதம் பைசாக் கணக்குதான். அதற்கே பயந்து பதின்மூன்றாம் நாள் இரவு உட்கார்ந்து முடித்துக் கொண்டுவருபவர்கள் உண்டு. உங்கள் அலமாரிப் புத்தகங்களுக்கு அந்தச் சீட்டு இல்லை. ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் மற்ற மாகாணங்களுக்கெல்லாம் முன்னால். வீட்டு உரிமையாளரிடம் சொத்துவரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகைக்கு இருப்பவரும் அதை வாடகைக்குள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பணம் கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருப்பது கல்யாணத்துக்கு மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வருவது மாதிரி.


[5] எல்லநள்ளி எக்ஸ்பிரஸ்
நவம்பர் 10, காலை 8:02

ஐயா, ஊட்டியில அந்தச் சிவப்புக் கட்டடம், நீலகிரி நூலகம், அதுவும் அரசு நூலகமா? வெளிய இருந்தே பார்த்துட்டுப் போயிருக்கேன், உள்ள போகப் பயம்.


[6] ஓய்வுபெற்ற நூலகர் (நீலகிரி)
நவம்பர் 10, காலை 8:31

இல்லை. அது 1859இல் தொடங்கிய உறுப்பினர் நூலகம், சந்தா கட்டிச் சேர வேண்டும். நான் சொல்வது மாவட்ட மைய நூலகமும் அதன் கிளைகளும். அங்கே உறுப்பினராக ஆகும் செலவு நம் நண்பர் ஒரு நாள் மாலை பேக்கரியில் கொடுப்பதைவிடப் பெரிதாக இருக்காது.


[7] கொழுந்து (பந்தலூர் பக்கம்)
நவம்பர் 10, இரவு 8:47

படிச்சேன். எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க. கோபப்படாதீங்க, ஒண்ணு சொல்லணும்.

சிக்கனம்கிறது சம்பளத்துல மிச்சம் பிடிக்கிற ஆளுங்க பேசுற பேச்சு. எங்க தாத்தா பாட்டி, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல கண்டிப் பக்கத்துல இருந்து வந்தவங்க. அப்படி வந்தவங்களுக்காக 1968ல அரசாங்கம் தொடங்கின தோட்டத்துல வேலை. அம்மாவும் அதே தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. நான் டிகிரி முடிச்சுட்டு ஒரு கடையில இருக்கேன், தோட்டத்துக்காரங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீடுதான் இன்னும். ஹீட்டர்னு ஒண்ணு எங்க லைன்ல யார்கிட்டயும் கிடையாது. ரெண்டு கம்பளி, ஒரு விறகடுப்பு. அப்புறம் எதைக் குறைக்கச் சொல்றீங்க?

நேரம் எங்களுக்கு நிறைய இருக்கு. ஆறரைக்கு மேல வாசலைத் தாண்ட முடியாது, யானை வரும். போன மாசம் பக்கத்து லைன்ல வாழையைத் தின்னுட்டு தண்ணித் தொட்டியைத் தள்ளிட்டுப் போச்சு. ஏழு மணியில இருந்து படுக்கிற வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயேதான். படிக்கப் புத்தகம்தான் இல்ல. எங்களுக்குப் பக்கத்து நூலகம் திறந்திருக்கிற நேரத்துல நான் கடையில இருப்பேன், அம்மா காலத்துல பெரட்டுல (தோட்டத்துல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) இருப்பாங்க. நான் வீடு திரும்புற நேரம் அங்க பூட்டு தொங்கும். பலசரக்கு மடிச்சு வர்ற பேப்பரைக் கூடப் பிரிச்சுப் படிச்சிருக்கேன். பாதிக் கதைதான் இருக்கும். மீதியை நானே இட்டுக்கட்டிக்குவேன்.

அந்த 35 புத்தகத்தைப் பத்திப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சது, உண்மையைச் சொல்றேன்.


[8] சாரல்காலம் (குன்னூர்)
நவம்பர் 10, இரவு 9:20

கொழுந்து அக்கா, நீங்க கேட்டது சரி. பதில் சொல்லத் தெரியல. தங்கச்சியா அக்காவான்னு கூடத் தெரியாம அக்கான்னு போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க.

யூனிட் தாத்தா, ஹீட்டரைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். இன்னைக்கு முதல் நாள். வெந்நீர்ப் பை வாங்கற வரைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.


[9] யூனிட் தாத்தா (ஊட்டி)
நவம்பர் 10, இரவு 9:26

கண்ணாடி பாட்டிலா? எடுங்க உடனே. கொதிக்கிற தண்ணி ஊத்தினா விரிசல் விட்டு காலை அறுத்துடும். எவர்சில்வர் தண்ணி பாட்டில் இருந்தா அதுல ஊத்துங்க.


[10] கோத்தகிரி அம்மணி
நவம்பர் 11, பகல் 2:15

கதவு சந்துக்குப் பழைய சேலையை உருட்டி வைங்க தம்பி. எங்க ஹட்டியில, அதான் எங்க படுகர் ஊர்ல, அம்மா காலத்துல இருந்து அதான்.

நான் சமையல் கட்டுல இருந்து சொல்றேன். நம்ம ஊர்ல கேஸ் சீக்கிரம் தீருதேன்னு எல்லாரும் புலம்புவாங்க. கீழ இருந்து வந்த என் நாத்தனார், பருப்பைத் திறந்த பாத்திரத்துல ஒண்ணரை மணி நேரம் வேக வச்சுட்டு, "உங்க ஊர் பருப்பே சரியில்ல"ன்னா. பருப்பு மேல தப்பில்ல. மேல போகப் போகத் தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும். ஊட்டியில 92, 93 டிகிரியிலயே கொதிக்குது, அதுக்கு மேல சூடு ஏறாது. அப்புறம் எப்படி வேகும்? பையன் பிளஸ் டூ படிக்கும்போதுதான் எனக்கே இது விளங்குச்சு. அவரை, பட்டாணி, கொண்டைக்கடலை எதுவா இருந்தாலும் ராத்திரியே ஊறப் போட்டுடுவேன், காலையில குக்கர். ஒரே தடவையா காய வச்ச தண்ணியை பிளாஸ்கு ரெண்டுல ஊத்திட்டா சாயங்காலம் வரை அடுப்பைத் தொட வேணாம். உங்களுக்கு ஆறு மணி டீயும் அதுலயே ஆச்சு, பேக்கரிப் பக்கம் போக வேண்டியதில்ல. டஸ்ட் டீயை பிளாஸ்குல ஊறப் போடாதீங்க, கசந்துடும். வெந்நீர் மட்டும் ஊத்துங்க.

உழவர் சந்தைக்குக் காலையில ஏழரைக்கு முன்னாடி போங்க. ரெண்டா பிளந்த கேரட்டு, கோணல் பீட்ரூட்டு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏத்த மாட்டாங்க, ஓரமா குவிச்சிருப்பாங்க. சாம்பார்ல போட்டா கோணல் தெரியவா போகுது.

ரேஷன்ல அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கூச்சப்படாம வாங்குங்க. கோயமுத்தூர் அட்டையை இங்க மாத்தியாச்சா? ஆறு மாசமாச்சுன்னு சொல்றீங்க, நீங்க மாத்தியிருக்க மாட்டீங்க.

வாசிக்கிறது எப்பன்னா, குக்கர் விசில் வர்ற வரைக்கும். சமையல் மேடைக்கு மேல ஒரு புத்தகம், கட்டில்ல ஒண்ணு. மேடைப் புத்தகம் சிறுகதை. மூணு விசில்ல நாலு பக்கம் ஓடிடும். ஒரு தடவை கதையில ஆழ்ந்து போயி ஏழு விசில் விட்டுட்டேன், பருப்பு கஞ்சியாச்சு. வீட்டுக்காரர் ரசம்னு நினைச்சுக் குடிச்சுட்டார்.


[11] சாரல்காலம் (குன்னூர்)
நவம்பர் 11, மாலை 6:40

மாத்தலை அம்மணி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க.


[12] வருஷம்52 (ஊட்டி, கல்லூரி)
நவம்பர் 12, இரவு 11:50

ப்ரோ, நான் வருஷத்துக்கு 52 புத்தகம் சவால் எடுத்திருக்கேன். இதுவரைக்கும் 44. ரகசியம் இதுதான்: தினமும் 100 பக்கம், அதுவும் பஸ்ல. கோத்தகிரி - ஊட்டி போய் வர்ற நேரம் வீணாக்கவே கூடாது. காசே செலவில்லாம படிக்கணும்னா டெலிகிராம்ல குழு இருக்கு, எல்லாப் புது நாவலும் பிடிஎஃப் வரும். இணைப்பு வேணும்னா தனியா கேளுங்க.


[13] பூண்டுச்சரம் (பூம்பாறை, கொடைக்கானல்)
நவம்பர் 13, காலை 6:10

பழனி மலையில இருந்து ஒரு ஆளு. தம்பி வருஷம்52, கோத்தகிரி ரோட்டுல பஸ்ல 100 பக்கம் படிக்கிறீங்களா? நான் பூம்பாறையில இருந்து கொடைக்கானல் போற பதினெட்டு இருபது கிலோமீட்டருக்குள்ள மூணு பக்கம் படிச்சேன். நாலாவது பக்கத்துல டிரைவர் நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. கண்ணு புத்தகத்துல அசையாம நிக்குது, காதுக்குள்ள இருக்கிறது வளைவு வளைவா ஆடுது. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா வயிறு புரட்டும்னு டாக்டர் சொன்னாரு. மலை ரோட்டுல காதுல கேளுங்க, கண்ணை வெளிய விடுங்க. பஸ் கிளம்பற வரைக்கும் ஸ்டாண்டுல நிக்கிற நேரம்தான் படிக்க லாயக்கு. நம்ம பஸ் எப்பவும் லேட்டுதான், நல்லாவே கிடைக்கும்.

எங்கூர்ல ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் சந்தை. பூண்டு கொடுத்துட்டு வர்றப்ப வத்தலக்குண்டு வரைக்கும் இறங்கினா பழைய பேப்பர் கடையில எடை போட்டு வாங்குவேன். பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழிச்சு, யாரோ புண்ணியவதி ஊசி நூலால தைச்சு பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. ஓரத்துல பேனாவுல "வரும் வாரம் பார்க்க" அப்படின்னு எழுதியிருக்கும். கிலோ கணக்குல அதுதான் என் நூலகம். உங்க ஆளுங்களுக்கு உக்கடம் பழைய புத்தகக் கடைங்க இருக்கே, கோவை போறப்ப ஒரு நடை.


[14] ஓய்வுபெற்ற நூலகர் (நீலகிரி)
நவம்பர் 13, காலை 9:00

வருஷம்52 தம்பிக்கு. அந்த இணைப்பை யாருக்கும் தராதீர்கள். புது நாவல் எழுதியவர் உயிரோடு இருக்கிறார், அச்சிட்டவர் காகிதக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். நம் சிக்கனத்தை அவர் தலையில் ஏற்றக் கூடாது.

இலவசமாகவே நேர் வழியில் கிடைப்பதைப் படிக்க ஓர் ஆயுள் போதாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாட்டுடைமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: எழுத்தாளரின் வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுத்துவிடும், அதன் பிறகு அந்த எழுத்தை யாரும் பதிப்பிக்கலாம், படிக்கலாம். அது இல்லாவிட்டாலும், நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது.

புதியதைப் படிக்க ஆசையா? கிளை நூலகத்தில் வேண்டுகோள் எழுதி வையுங்கள். வராது என்று நினைப்பீர்கள். சில சமயம் வரும்.


[15] வருஷம்52 (ஊட்டி, கல்லூரி)
நவம்பர் 13, இரவு 11:15

சரிங்க ஐயா, குழுவுல இருந்து வெளிய வந்துட்டேன். ஆனா 52 சவால் நல்லதுதானே?


[16] கொழுந்து (பந்தலூர் பக்கம்)
நவம்பர் 14, இரவு 8:05

44 புத்தகத்துல ஒண்ணைச் சொல்லுங்க, அதுல உங்களுக்குப் பிடிச்ச ஆள் யாரு, ஏன்?


[17] வருஷம்52 (ஊட்டி, கல்லூரி)
நவம்பர் 14, இரவு 11:58

யோசிச்சு சொல்றேன்.

(நவம்பர் 20 வரைக்கும் பதில் வரல. அவரை யாரும் கிண்டல் பண்ண வேணாம்னு கேட்டுக்கறேன். – இழைப் பொறுப்பாளர்)


[18] சாரல்காலம் (குன்னூர்)
நவம்பர் 22, இரவு 8:30

ஒரு அவசரக் கேள்வி. நாலு நாளா விடாம மழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு, ரயிலும் நிறுத்திட்டாங்க. நேத்து அலமாரியைத் திறந்தா ஒரு வாடை. கீழ்த்தட்டுல எட்டுப் புத்தகம் பச்சையும் வெள்ளையுமா பூசணம் பூத்திருக்கு. அப்பா வேப்பிலை போடுன்னு சொல்றார். வேப்பிலைக்கு எங்க போறது, குன்னூர்ல வேப்பமரத்தை நான் பார்த்ததே இல்ல.


[19] ஓய்வுபெற்ற நூலகர் (நீலகிரி)
நவம்பர் 22, இரவு 9:10

வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு. ராமபாணப் பூச்சி ஓலைச்சுவடியைத் தின்னும் ஊரில் அவை உதவும். நம் பகை பூஞ்சை. அதற்கு ஈரம் போக வேண்டும், காற்று வர வேண்டும், வேறு மருந்து கிடையாது.

பூத்த எட்டையும் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். சமையலறையில் அடுப்புச் சூடு படும் பக்கம் விசிறிபோல் விரித்து நிற்க வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வாசலில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் உங்கள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கும். வெயிலில் காட்டும் வேலையெல்லாம் ஜனவரிக்கு.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஒரு சாண் நகர்த்துங்கள். அந்தச் சுவர்தான் மழையைக் குடிக்கிறது. புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். அப்புறம் ஒன்று, யாருக்கும் கசக்கும்: எங்கள் நூலகத்தில் அடிக்கடி எடுக்கப்பட்ட புத்தகத்தில் நான் பூஞ்சை பார்த்ததே இல்லை.


[20] யூனிட் தாத்தா (ஊட்டி)
நவம்பர் 22, இரவு 9:44

சில பேர் அலமாரிக்குள்ள 15 வாட்ஸ் குண்டு பல்பை ராப்பகலா எரிய விடுவாங்க. ஈரம் போகும், உண்மை. ரெண்டு மாசத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல ஆகும். மழை கொட்டுற வாரத்துக்கு மட்டும் போடுங்க. புத்தகம் பல்பைத் தொடாம பார்த்துக்கங்க.


[21] எல்லநள்ளி எக்ஸ்பிரஸ்
நவம்பர் 23, காலை 7:55

ரூம்ல ஒரு சட்டியில கரி கங்கு வச்சா? புத்தகமும் காயும், ஆளுக்கும் கதகதப்பு. கரண்ட் செலவே இல்ல.


[22] இழைப் பொறுப்பாளர்
நவம்பர் 23, காலை 8:10

இதை யாரும் செய்யக் கூடாது. மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு வாடையும் இல்ல நிறமும் இல்ல, தூங்குறவன் எழுந்திருக்க மாட்டான். குளிருக்கு அடக்கமா சுற்றுலா வந்தவங்க கரி அடுப்பை ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயி செத்த செய்தி நம்ம ரெண்டு மலையிலயும் வந்திருக்கு. விறகடுப்பு இருக்கிறவங்களும் புகைப்போக்கி அடைபடாம இருக்கான்னு பாருங்க.


[23] கோத்தகிரி அம்மணி
நவம்பர் 23, பகல் 1:30

கொழுந்து கண்ணு, உன் நினைப்பாவே இருந்துச்சு. இப்ப மலை பஸ்லயும் பொம்பளைங்களுக்கு இலவசம் வந்தாச்சு, ஆனா உனக்கு லீவு நாள்தான் வேணும். வீட்டுல இருக்கிற புத்தகத்தை இங்க இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் சுத்துக்கு விடலாமே. என்கிட்ட சிறுகதை ஒரு பத்து தேறும். நெய்க்கறை இருக்கும், பொறுத்துக்கணும்.


[24] சாரல்காலம் (குன்னூர்)
ஜனவரி 6, இரவு 8:15

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன். கணக்கு சொல்றேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், அதான்.

கரண்ட் பில் 148 யூனிட். 470ல இருந்து. நூறுக்குள்ள கொண்டு வர முடியல. அப்பாவுக்குக் குளிக்க கீசர் போட்டே ஆகணும். ஹீட்டர் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு, டிசம்பர் கடைசியில உறைபனி விழுந்த ரெண்டு ராத்திரி மட்டும் வெளிய வந்துச்சு.

மிச்சம் 3,000 ஆகலை. நவம்பர்ல 1,900, டிசம்பர்ல 1,100. டிசம்பர்ல அப்பாவுக்குக் கண்ணாடி மாத்தினோம். பேக்கரி முழுசா நிக்கலை, ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆயிருக்கு. ரேஷன் அட்டை மாத்தியாச்சு அம்மணி, ரெண்டு தடவை அலைஞ்சேன்.

புத்தகம் நாலு முடிச்சிருக்கணும். மூணு முடிச்சேன். ஒண்ணைப் பாதியில விட்டேன். பிடிக்கலை, அதை இழுத்துக்கிட்டே பன்னிரண்டு நாள் போச்சு. இனிமே 50 பக்கத்துல பிடிக்கலைன்னா மூடிடறதுன்னு இருக்கேன்.

நூலகர் ஐயா சொன்ன சீட்டுதான் வேலை செஞ்சது. பழைய காலண்டர் தாளை வெட்டி 35 புத்தகத்துக்கும் ஒட்டினேன். எனக்கு நானே தேதி போட்டா நானே மாத்திடுவேனே, அதனால அப்பாவை நூலகர் ஆக்கிட்டேன். அலமாரிச் சாவி அவர்கிட்ட. ஒரு நேரத்துல ஒரு புத்தகம்தான் வெளிய வரும், நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குறார். தேதி தாண்டினா அபராதம் ஒரு வர்க்கி. போனையும் அதே அலமாரியில ஏழரைக்கு வாங்கி வச்சுக்கறார், ஒன்பதரைக்குத்தான் தருவார். இதுவரைக்கும் மூணு வர்க்கி கட்டியிருக்கேன். நாலாவது கட்டணும், அவர் நேத்து வேணும்னே மறந்தவர் மாதிரி இருந்துட்டு இன்னைக்குக் காலையில நோட்டைக் காட்டினார்.

புதுக் கண்ணாடி வந்ததுல இருந்து அவரும் படிக்கிறார். ஒரே பல்பு, ரெண்டு வெந்நீர்ப் பை. அவர் என்னைவிட வேகம். தேதிக்குள்ள முடிச்சுடறார், அவருக்கு நான் அபராதம் போட வாய்ப்பே தரமாட்டேங்கறார்.

பூசணம் பிடிச்ச எட்டுல ஆறு தேறிடுச்சு. இப்ப நல்ல வெயில், மொட்டை மாடியில விரிச்சு வச்சிருக்கேன்.

கொழுந்து, ஃபேக்டரியில ஒருத்தர் பொங்கலுக்கு கூடலூர் வழியா ஊருக்குப் போறார். முடிச்ச மூணும், முன்னாடி படிச்சதுல நாலும் கொடுத்து விடவா? அப்பாவோட சீட்டு ஒட்டியிருக்கும், அதைக் கண்டுக்காதீங்க.


[25] கொழுந்து (பந்தலூர் பக்கம்)
ஜனவரி 6, இரவு 9:02

கொடுத்து விடுங்க. கூடலூர் பஸ் ஸ்டாண்டுல என் மாமா பழக்கடை வச்சிருக்கார், இடம் தனியா அனுப்புறேன். அங்க வச்சா நான் கடை முடிஞ்சு எடுத்துக்குவேன். நாலு மணிக்கு மேல வேணாம், இருட்டிடும்.

பாதியில விட்டீங்களே, அந்தப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்புங்க. மீதி என்ன ஆச்சுன்னு நான் பார்த்துச் சொல்றேன்.

அப்புறம், சீட்டுல எத்தனை நாள் போட்டிருக்கார் உங்க அப்பா? எங்க பக்கம் வர்க்கி கிடைக்காது.


[26] சாரல்காலம் (குன்னூர்)
ஜனவரி 6, இரவு 9:31

கேட்டேன். பந்தலூருக்கு ரெண்டு மாசம் தவணை, அபராதம் கால் கிலோ குறுமிளகுன்னு சொல்றார். பேரம் பேசலாம்.